தாமானுக்கு ஒரு டெராபைட் மாமா

பாரிட் புந்தாரில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு டெராபைட் மாமா இருப்பார். அடையாளம் எளிது. உங்கள் வீட்டுக் கணினி செத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள், "ஐயோ பாவம், எவ்வளவு கொடுத்து வாங்கினது?" என்பார்கள். மாமா மட்டும், "உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்குல்ல?" என்பார். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் எட்டிப் பார்க்கும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு விடியுமுன் பஸ் ஏறிப் போய், அறுபது வயதில் ஓய்வு பெற்றவர்களிடையேதான் இந்த இனம் அதிகம். இ.பி.எஃப். பணம் வந்ததும் சிலர் கார் மாற்றுவார்கள், சிலர் காசிக்குப் போவார்கள். மாமா ஸ்டோர் ரூமைக் காலி செய்வார். அரிசி மூட்டை சமையலறைக்குக் குடிபெயரும். அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி உட்காரும். அதற்கு 'சர்வர்' என்று பெயர்.

பெட்டிக்குள் ஐந்து டிஸ்க்குகள். மருமகனின் உடைந்த மடிக்கணினியில் கழற்றிய 500 ஜிபி. மகள் பல்கலைக்கழகத்தில் படித்தபோது வாங்கிய 1 டெராபைட். மளிகைக் கடைக் கேமராவுக்கு உழைத்து ஓய்ந்த 2. நவம்பர் 11 மலிவு விற்பனையில் வாங்கிய 4. வெளியே செருகும் டிஸ்க்காக வாங்கி, பிளாஸ்டிக் கூட்டை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி உள்ளிருந்து எடுத்த 8. அந்த எட்டு முதலில் சுழலவே மறுத்தது. மின் இணைப்பின் மூன்றாவது பின்னை ஒரு துண்டு டேப்பால் மூடியதும் ஓடியது. கல்யாண நாளை மறந்த மாமாவுக்கு அந்த நாள் மட்டும் மறக்கவில்லை.

"எல்லாத்தையும் ஒரே அளவா வாங்கியிருக்கலாமே மாமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், ரொட்டி சானாய்க் கடையில் தொடங்கிய பசியாறல் மதியச் சாப்பாட்டில்தான் முடியும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறை பற்றி 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து ஆரம்பிப்பார். வழக்கமான ரெய்டு 5இல், இருப்பதிலேயே சின்ன டிஸ்க் எவ்வளவோ அவ்வளவுதான் மற்றவற்றுக்கும் மதிப்பு. "பதினஞ்சரை டெராபைட் போட்டா ரெண்டுதான் கையில வருது. நியாயமா தம்பி?" ஆகவே மாமா அன்ரெய்டு என்ற மென்பொருளின் கட்சி. எதிர்த் தாமான் மாமா அதற்குப் போட்டியான ஸ்னாப்ரெய்டு கட்சி. கோயில் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவதில்லை.

அன்ரெய்டில் ஆளுக்கொரு அளவில் டிஸ்க் போடலாம். பேரிட்டி டிஸ்க் மட்டும் மற்ற எதையும்விடச் சின்னதாக இருக்கக் கூடாது. மாமா பில்லின் பின்பக்கத்தில் 3, 5, 2 என்று எழுதி, கூட்டல் 10 என்பார். பிறகு ஐந்தை விரலால் மறைத்து, "மறைஞ்சது எது?" என்பார். நீங்கள் "அஞ்சு" என்றால், "அவ்வளவுதான் பேரிட்டி!" என்று முதுகில் தட்டுவார். இந்தப் பாடத்தை அத்தையும் கேட்டிருக்கிறார். "இருக்கறதுலயே பெரிய டிஸ்க்கை வாங்கி, அதுல ஒரு போட்டோகூட வைக்கலையா?" என்பது அவருடைய ஒரே சந்தேகம்.

மாமாவின் உலக அறிவு முழுக்க டிஸ்க் வழியாக வந்தது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் மூழ்கியபோது, பாரிட் புந்தாரைச் சுற்றி நெல் விளையும் கிரியான் மாவட்டம் சயாம் அரிசி விலையைப் பற்றிப் பேசியது. மாமா ஹார்ட் டிஸ்க் விலையைப் பற்றிக் கவலைப்பட்டார். அங்கே டிஸ்க் தொழிற்சாலைகளும் மூழ்கியிருந்தன, விலை ஏறியது. 2020இல், வீட்டு சர்வருக்கென்று விற்கப்பட்ட சில டிஸ்க்குகளுக்குள் எஸ்எம்ஆர் முறை ஒளிந்திருந்தது வெளியானதும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்; ஒன்றைத் திருத்தினால் அடுத்ததையும் மறுபடி எழுத வேண்டும். அதிலிருந்து மாமா பூதக்கண்ணாடியோடுதான் கடைக்குப் போகிறார். அவர் மாடல் எண்ணைப் படிக்கத் தொடங்கியதும் கடைப் பையன் சாப்பிடப் போய்விடுவான்.

மாமாவுக்கு ஒரு ரகசிய ஆசை உண்டு: ஒரு டிஸ்க்காவது சாக வேண்டும். தினமும் காலையில் மற்றவர்கள் ராசிபலன் பார்க்க, இவர் கெட்டுப்போன செக்டார் எண்ணிக்கையைப் பார்ப்பார். பூஜ்யம் என்றால் முகம் வாடும். ஒருநாள் ஆசை நிறைவேறியது. "விடியற்காலை அஞ்சு மணிக்கு மூத்தது போயிருச்சு" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். மாமா வீட்டில் மூத்தது அத்தையின் அம்மாதான். மலாக்காவிலிருந்து ஆழ்ந்த இரங்கல் வந்தது. சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு காரே கிளம்பிவிட்டது. வந்தவர்களுக்கு அந்த அம்மாளே தேநீர் கலக்கிக் கொடுத்தார்.

புது டிஸ்க்கை மாட்டி, மாமா இரவு முழுக்கக் கண்விழித்தார். காலையில் எல்லாம் அப்படியே திரும்பியிருந்தது: மகளின் தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழா, ஏழு பிரதிகள். இதுவரை அதை யாரும் பார்த்ததில்லை, மாமா உட்பட.

"ரெய்டு இருந்தா போதாது, அது பேக்கப் ஆகாது" என்பது அவருடைய அடுத்த பாடம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் ஊரில் பிறந்தவர் ஒரு இடத்தோடு விடுவாரா? பேராக்கில் தன் வீட்டில் ஒரு பிரதி, கெடாவில் பண்டார் பாருவிலுள்ள மைத்துனர் வீட்டில் ஒரு பிரதி, பினாங்கில் நிபோங் தெபாலிலுள்ள மகள் வீட்டில் ஒரு பிரதி. "மூணு மாநில அரசும் சேர்ந்து கவிழ்ந்தாலும் என் டேட்டா கவிழாது" என்று மார்தட்டினார்.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க, மூணும் ஒரே ஆத்தங்கரைதானே?"

மாமாவின் முகத்தில் கிரியான் ஆறு கரை புரண்டது. அன்றைக்கு மாலையே, பத்து வருஷமாக விசாரிக்காத சித்தப்பா மகனுக்குக் கேமரன் மலைக்குப் போன் போட்டார்.

"தம்பி, எல்லாரும் சௌக்கியமா? உங்களையெல்லாம் பார்க்கணும்போல இருக்கு. ஆமா, வீட்டுல ஸ்டோர் ரூம் இருக்கா?"