பொறுத்துப்போகும் மட்டைக்கு ஒரு முத்திரை கோரி விண்ணப்பம்

அனுப்புநர்
தன் தரம் மூன்றரை என்று தானே சொல்லிக்கொள்ளும், மூன்றைத் தாண்டாது என்று திடல் முழுக்கச் சொல்லும் ஓர் ஆட்டக்காரன்.

பெறுநர்
உயர்திரு மட்டைச் சான்றிதழ்ப் பிரிவினர்,
யுஎஸ்ஏ பிக்கிள்பால்,
அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

பொருள்: பந்து ஓரத்தில் பட்டாலும் பொறுத்துப்போகும் மட்டைகளுக்குத் தனி முத்திரை வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் விதிப்புத்தகத்தில் மட்டை பற்றிய பகுதி.

ஐயா / அம்மையீர்,

தாங்கள் மட்டையை அளக்கும் நேர்த்தியைப் பார்த்தால் நகைக்கடைத் தராசுக்கே கூச்சம் வரும். நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீளம் மட்டும் 17 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. முகத்தின் சொரசொரப்பை மைக்ரோமீட்டரில் பார்க்கிறீர்கள்: ஒரு கணக்கில் 30, இன்னொரு கணக்கில் 40. தலைமுடியின் பருமன்கூட இல்லாத மேடுபள்ளம் அது. முகம் பளபளத்து எதிராளியின் கண்ணைக் கூச வைக்கிறதா என்பதற்கும் ஒரு கருவி. ரப்பர் ஒட்டினால் குற்றம், உப்புத்தாள் ஒட்டினால் குற்றம். இத்தனையிலும் தேறி வந்த மட்டைமேல்தான் தங்கள் முத்திரை விழுகிறது. மெத்த மகிழ்ச்சி.

அந்த முத்திரையை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் மட்டை வாங்குகிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கீகாரம் பெற்றது என்று மட்டையிலேயே போட்டிருந்தால், விவரம் தெரிந்த யாரோ பார்த்து நமக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள் என ஒரு சாதாரண மனுஷன் நினைப்பானா, மாட்டானா? தாங்கள் சொல்வதோ வேறு. இந்த மட்டை எதிராளிக்கு அநியாயம் செய்யாது, அவ்வளவுதான். கையில் பிடித்திருப்பவனுக்கு அநியாயம் செய்யுமா என்பது தங்கள் இலாகாவில் வராது.

இந்தப் பிக்கிள்பால் ஆட்டம் யாருக்காகப் பிறந்தது என்று தங்களுக்கே நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் விண்ணப்பம் என்றால் வரலாறு வேண்டுமே. 1965-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில், கோடையில் சலித்துக் கிடந்த குடும்பத்தாருக்காக ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் ஒரு பழைய பேட்மிண்டன் தளத்தில் ஆரம்பித்தது இது. கையில் கிடைத்தது டேபிள் டென்னிஸ் மட்டையும் ஓட்டைப் பந்தும். பிறகு பார்னி மெக்கல்லம் ஒட்டுப்பலகையில் மட்டை அறுத்துக் கொடுத்தார். 1984-இல் போயிங் பொறியாளர் ஆர்லன் பராண்டோ, விமானத்தின் தரைக்குப் போடும் தேன்கூட்டுப் பலகையை எடுத்து மட்டை செய்தார். இன்றைக்கும் பெரும்பாலான மட்டைகளுக்குள் இருப்பது அந்தத் தேன்கூட்டின் வாரிசுதான், பாலிப்ரொப்பிலீனுக்கு மாறியிருக்கிறது. ஆடுகிறவர்கள் மாறினார்களா? இளவட்டங்கள் வந்துவிட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் காலை ஏழு மணிக்குத் திடலை நிரப்புவது இன்னமும் ஓய்வு பெற்றவர்கள், முழங்காலுக்கு உறை மாட்டியவர்கள், டென்னிஸில் தோளைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

எங்கள் குறை ஒன்றே ஒன்று. பந்து மட்டையின் நடுவில் படுவதில்லை. நடுவில் பட்டால் அந்தக் காலத்து ஒட்டுப்பலகையே போதும். ஓரத்தில் படும்போது மட்டை கைக்குள் திருகிக்கொள்கிறது. வலையைத் தாண்ட வேண்டிய பந்து வலைக்குள் போய் விழுகிறது. கூட்டாளி வானத்தைப் பார்க்கிறார். இந்தத் திருகலை மட்டை எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதற்கு ட்விஸ்ட் வெயிட் என்று ஓர் எண் இருக்கிறது. ஆறுக்குக் கீழே இருந்தால் மட்டை முன்கோபி. ஏழை எட்டினால் சாது. ஸ்விங் வெயிட் என்று இன்னொன்று. வீசும்போது மட்டையின் தலை எவ்வளவு கனக்கிறது என்பதைச் சொல்வது. 110-ஐ ஒட்டியிருந்தால் கை சொன்னதைக் கேட்கும். 120-ஐத் தாண்டினால், வலையருகே எதிராளி ஓங்கி அடிக்கும்போது மட்டை வந்து சேர்வதற்குள் பந்து நெஞ்சில் பட்டிருக்கும். ஒருவருக்கு என்ன மட்டை பொருந்தும் என்பதை இந்த இரண்டு எண்களும் ஏறத்தாழ முழுக்கச் சொல்லிவிடும். கடையில் தொங்கும் மட்டைகளில் பெரும்பாலானவற்றின் பெட்டியில் இரண்டும் இருக்காது.

பெட்டியில் என்ன இருக்கும்? ஆற்றல் என்று இருக்கும். கட்டுப்பாடு என்றும் இருக்கும். அதே பெட்டியில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டுக்கும் பட்டை பட்டையாக நிறைந்த கோடுகள். விண்வெளியில் பயன்படும் இழை என்று ஒரு வரி. போன ஆண்டு சாம்பியனின் கையெழுத்து. விலை 200 டாலர், 250 டாலர். எந்த மட்டையும் தன்னைப் பற்றி ‘நான் கொஞ்சம் முரடு, தாங்க மாட்டீர்கள்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. கல்யாணத் தரகரிடம்கூட இவ்வளவு நல்ல பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

இதில் தங்கள் பங்கும் இருக்கிறது. தாங்கள் எழுதிய 24 அங்குல விதியையே பாருங்கள். பதினாறரைக்கு ஏழரை வைத்தாலும் 24. பதினாறுக்கு எட்டு வைத்தாலும் 24. நீளத்தில் அரை அங்குலம் கூட்டினால் அகலத்தில் அரை அங்குலம் போய்விடும். திருகலை எதிர்ப்பது அகலம். எட்டிப் பிடிக்கவும் சுழற்றி அடிக்கவும் உதவுவது நீளம். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலருக்கு நீளம் பிடிக்கும், ஏனென்றால் அவர்களுக்குப் பந்து நடுவில் படும். அவர்கள் கையில் பார்த்த நீள மட்டையை நாங்களும் வாங்குகிறோம், அகலத்தை இழக்கிறோம், ஓரத்தில் அடிக்கிறோம், பிறகு கையைக் குறை சொல்கிறோம். விதி நியாயமானது. ஆனால் இப்படி ஒரு பண்டமாற்று நடக்கிறது என்று வாங்குகிறவனிடம் சொல்ல வேண்டிய கடமை யாருடையது?

கட்டுப்பாட்டுக்கு எது உதவுமோ அவற்றைத் தாங்கள் தொடவே இல்லை என்பதையும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். தடிமனுக்கு விதியில் வரம்பு கிடையாது. எடைக்கும் கிடையாது. 16 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மட்டை பந்தின் வேகத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டுத்தான் திருப்பி அனுப்பும். 13, 14 மில்லிமீட்டரில் பந்து விருட்டென்று கிளம்பும். முகத்தில் ஃபைபர்கிளாஸ் என்றால் துள்ளல் அதிகம். பூச்சில்லாத கார்பன் இழை என்றால் பந்து முகத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், சுழற்சியும் கிடைக்கும். கிச்சன் என்று பெயர் பெற்ற ஏழடிப் பட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வலைக்கு அந்தப் பக்கம் பந்தை மெத்தென்று இறக்கி வைப்பதுதான் இந்த ஆட்டத்தின் பாதி. அந்தப் பாதிக்குத் துள்ளும் மட்டை எதற்கு? கேட்டால், மூன்றாவது அடியை ஓங்கி அடிக்கலாமே என்கிறார்கள். ஓங்கி அடித்தால் பந்து வெளியே போகிறது. போகட்டும், வேகம் எப்படி என்கிறார்கள்.

இந்த வேக மோகத்தால் தாங்கள் பட்ட பாட்டையும் நாங்கள் அறிவோம். வெப்ப அழுத்தத்தில் ஒரே கூடாக வார்த்த மட்டைகள் 2023 வாக்கில் சந்தையை நிறைத்தன. அவற்றில் சில, ஆட ஆட உள்ளே தேன்கூடு நசுங்கி, வாங்கிய நாளைவிட அதிகமாகத் துள்ளின. சாதுவாக வீட்டுக்கு வந்தது சில மாதங்களில் சண்டியராக மாறியது. 2024 மே மாதம் ஜூலா நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை மட்டைகளைப் பட்டியலிலிருந்து நீக்கினீர்கள். அந்த நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு, பந்தை மட்டைமேல் ஏவி அது எவ்வளவு வேகத்தைத் திருப்பித் தருகிறது என்று பார்க்கும் பிபிகோர் சோதனையைக் கொண்டுவந்து, அதற்கு ஓர் உச்சவரம்பையும் வைத்தீர்கள். ஆக, மட்டை எவ்வளவு முரடாக இருக்கலாம் என்பதை இரண்டு தசமத் துல்லியத்தில் சொல்லத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு மட்டும் எண் கிடையாது. உச்சவரம்புக்குத் துறை இருக்கிறது; கீழ்வரம்புக்கு ஒரு மேசைகூட இல்லை.

முன்னுதாரணம் இல்லை என்று இந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பவும் முடியாது. 2023-இல் ‘க்வயட்’ என்று ஒரு தனிப் பிரிவே தொடங்கினீர்கள். திடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் காதுக்காக, சத்தம் குறைவான பொருள்களுக்குத் தனி அடையாளம். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆட்டத்தை ஆடாதவருடைய காதுக்கு ஒரு பிரிவு உண்டு. ஆடுகிறவருடைய முழங்கைக்கும் மானத்துக்கும் இல்லை.

எனவே சோதனை முறையையும் நானே வகுத்துத் தந்துவிடுகிறேன். தங்களுக்கு வேலை மிச்சம். இயந்திரக் கைகளை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு, பொதுத்திடலுக்குக் காலையில் வரும் நான்கு பேரை அழையுங்கள். ஒருவர் பந்தைப் பார்க்காமல் எதிராளியையே பார்ப்பவர். ஒருவர் ‘என்னுது’ என்று கத்திவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பவர். ஒருவர் ஒவ்வொரு தப்புக்கும் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை தேடுபவர். நான்காவதாக நான் வருகிறேன். பதினொரு புள்ளி ஆட்டம் ஒன்று ஆடவிடுங்கள். ஆட்டம் முடியும்போது நால்வரும் இன்னும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தால் மட்டைக்குப் ‘பரம சாது’ என்று முத்திரை. இருவராவது பேசினால் ‘சாது’. யாராவது மட்டையை வேலிமேல் எறிந்திருந்தால் ‘முன்கோபி’ என்று எழுதி, பெட்டியின் பாதியை அடைக்கிற அளவுக்கு எச்சரிக்கைப் படம்.

இது வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு, செலவும் குறைவு. தடிமன், எடை, ஸ்விங் வெயிட், ட்விஸ்ட் வெயிட், கைப்பிடியின் சுற்றளவு ஆகிய ஐந்தையும் பெட்டியின்மேல் அச்சிடச் சொல்லுங்கள். ஒரே மாடலில் ஒரு மட்டையின் எடை இன்னொன்றுக்கு வராது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். அப்படியானால் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதி ஒட்டட்டும். 250 டாலர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சீட்டு ஒட்ட என்ன தடை?

தங்கள் பதில் வரும்வரை எங்கள் கூட்டம் கையாளும் தற்காலிக ஏற்பாட்டையும் தெரிவித்துவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறோம்: எட்டங்குல அகலம் பார், 16 மில்லிமீட்டர் பார், எடை எட்டு அவுன்சுக்குள் இருக்கட்டும், சாம்பியனின் கையெழுத்தைப் பார்க்காதே, இரவல் வாங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுக் காசைக் கொடு. வாங்கிய பிறகும் மட்டை திருகினால், கடிகார முகப்பில் மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்கும் இடத்தில் இரு ஓரத்திலும் சின்னதாக ஈயப் பட்டை ஒட்டச் சொல்கிறோம். ஓரத்தில் ஒட்டுவதைத் தங்கள் விதியும் அனுமதிக்கிறது. சில கிராமில் மட்டைக்குப் பொறுமை வந்துவிடுகிறது. தொழிற்சாலையில் செய்திருக்க வேண்டியதை நாங்கள் திடலோர பெஞ்சில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே, மேற்படி ஐந்து எண்களையும் பெட்டியில் அச்சிடாத மட்டைக்கு இனி முத்திரை இல்லை என்று அடுத்த விதிப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்க்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முத்திரையை இன்னமும் நம்பும்,
ஓரத்தில் அடிக்கும் ஆட்டக்காரன்.

நகல்:
மட்டைத் தயாரிப்பாளர்கள் அனைவருக்கும், உரிய நடவடிக்கைக்காக.
என் ஆட்டக் கூட்டாளிக்கு, தகவலுக்காகவும் பொறுமைக்காகவும்.