நீலக்கோடு போட்டா லிங்க் ஆயிடுமா, நைனா?

மீஞ்சூர் பஜார்லயே பேர் வாங்குன டிடிபி கடைக்காரரே, கொஞ்சம் இப்படித் திரும்பு. போன முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை செஞ்சி வாட்ஸப்புல உட்டியே, பாத்தேன். ஜோரு. புள்ளையார் மேல ரோஜாப்பூ, ரோஜாப்பூ மேல மயிலு, மயிலு தோகையில பொண்ணு மாப்ள பேரு. கீழ நீலக் கலர்ல ஒரு கோட்டப் போட்டு, 'மண்டபத்துக்கு வழி பார்க்க இங்கே தொடவும்'னு எழுதிக்கீற. பெரியவன் சொல்லத் தட்டலாமா? தொட்டேன். ஆள்காட்டி வெரலால தொட்டேன், கட்ட வெரலால தேய்ச்சேன். படம் பெருசாச்சி, மயிலு கண்ணு என் மூஞ்சிக்கு நேரா வந்து முழிச்சிச்சி. வழி மட்டும் வரல.

பேத்தி வந்து பாத்துட்டுச் சிரிக்கிறா. "தாத்தா, இது ஜேபெக். வெறும் போட்டோ. போட்டோவுக்குள்ள லிங்க் நிக்காது"ங்கறா. அப்ப எதுக்கு நைனா அந்த நீலக்கோடு? அழகுக்கா? அதே டிசைன அப்படியே அச்சுக்கும் அனுப்பி, காகிதப் பத்திரிகையிலயும் 'இங்கே தொடவும்' வந்துக்கீது பாரு, அங்கதான் நீ நிக்கற. காகிதத்தத் தொட்டா கையில மஞ்சதான் ஒட்டுது.

நான் ஏரிக்கார ஆளு. எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்னு நெனைப்ப. பழவேற்காட்டு ஏரியில பாடுன்னு ஒரு முறை கீது, உனக்கும் தெரியும். யாருக்கு எந்த நாளு, எந்த எடத்துல வலை போடணும்னு ஊர் கூடி வெச்ச முறை. பேர மட்டும் வாசிச்சிட்டு எடத்தச் சொல்லாம உட்டா எவன் எங்க போவான்? லிங்க்கும் அதே கதைதான். தொடற எடம் ஒண்ணு, போய்ச் சேர்ற எடம் ஒண்ணு. நீ தொடற எடத்துக்கு மட்டும் பவுடர் பூசி உட்டுட்ட.

இது நேத்து வந்த வித்தையும் கெடையாது. ஹைப்பர்டெக்ஸ்ட்டுன்னு டெட் நெல்சன் வெச்ச பேரு அச்சுல வந்தது 1965ல. டிம் பெர்னர்ஸ் லீ அத்தப் புடிச்சி வலைக்கு வரைபடம் போட்டது 1989ல. நீ இன்னும் உடாம கட்டிக்கினு அழுவறியே பேஜ்மேக்கர், அது ஆல்டஸ் கம்பெனி 1985ல எறக்குனது, 1994ல அடோபி கைக்குப் போச்சி. 6.5லயே லிங்க் போடறதுக்கு ஒரு பட்டி வெச்சிட்டான். 2001ல 7.0 வந்து அதோட கடைய மூடிட்டான். அந்தப் பட்டிய நீ ஒரு நாளாவது தொறந்து பாத்திருப்பியா? இன்டிசைன் வாங்கி வெச்சிக்கீற, அதுல விண்டோ, இன்டராக்டிவ், ஹைப்பர்லிங்க்ஸ்னு போனா நேரா நிக்குது. ஒரு வார்த்தையத் தேர்ந்தெடுத்து அட்ரஸக் குடுத்தா முடிஞ்சிது.

முடிஞ்சிதுன்னா முடியல. பி.டி.எஃப் எடுக்கும்போதுதான் உன் குட்டு வெளிய வரும். எக்ஸ்போர்ட் பெட்டியில 'ஹைப்பர்லிங்க்ஸ்'னு ஒரு சின்னக் கட்டம் கீது. அதுல டிக் போடாம உட்டா நீ கட்டுனது அத்தனையும் உதுந்துடும். கோரல்லயும் பி.டி.எஃப் செட்டிங்குல அதே மாதிரி ஒண்ணு கீது. நீ பழக்க தோஷத்துல பிரிண்ட்ட அமுக்கி, பிரிண்டர் எடத்துல பி.டி.எஃப்னு போடுவ. அப்பவும் போச்சி. பிரிண்டருக்குக் காகிதந்தான் தெரியும், அது கிட்ட போயி லிங்க்கக் காப்பாத்துன்னா எப்படிக் காப்பாத்தும்?

பாமினி ஃபாண்ட் சமாசாரம் ஒண்ணு சொல்டறேன், இதுலதான் உங்க ஆளுங்க நெறைய பேரு முழுகறாங்க. பாமினியில நீ அடிக்கறது கண்ணுக்குத் தமிழு, வயித்துக்குள்ள அத்தனையும் இங்கிலீசு எழுத்து. அந்தத் தலைப்ப பி.டி.எஃப் புக்மார்க்கா ஆக்கிப் பாரு, பக்கத்துல மந்திரவாதி உச்சாடனம் மாதிரி இங்கிலீசு எழுத்தாக் கொட்டும். தேடுனாலும் ஒரு வார்த்த சிக்காது. வெப் அட்ரஸயும் அதே பாமினியில அடிச்சி உட்டன்னு வெச்சிக்கோ, அது தமிழுமில்ல, இங்கிலீசுமில்ல, அந்தரத்துல நிக்கும். யூனிகோடுக்கு மாறு நைனா. கஸ்டமர் கேக்கலயேங்காத. கஸ்டமருக்கு இன்னா தெரியும், அதுக்குத்தான உன்னாண்ட வரான்.

எழுத்தயெல்லாம் கர்வ் ஆக்கி அனுப்பறதும் உனக்கு ஒரு வியாதி. அச்சகத்துக்குப் போற ஃபைலுக்கு அது சரி. போன்ல படிக்கறவனுக்கு அனுப்பற ஃபைல்ல அட்ரஸும் கர்வ் ஆயிட்டா அது எழுத்தில்ல, கோலம். நீளமான அட்ரஸ் வரி முடிவுல ஒடிஞ்சி, நடுவுல சாஃப்ட்வேரே ஒரு ஹைபனச் சொருகுதே, அத்தயும் பாக்கறதில்ல. தொட்டா பாதி அட்ரஸ்தான் தொறக்குது, இல்ல அந்தக் கோட்டையும் சேத்துக்கினு எங்கயோ போயி முட்டுது.

சரி, லிங்க்கு தொறந்துடுச்சின்னே வெச்சிக்குவோம். எங்க போவுதுன்னு பாத்தியா? மேப்புல குண்டூசி குத்தும்போது கை நடுங்கக்கூடாது. பழவேற்காட்டுல மண்டபத்துக்கு வர்றவங்கள நீ டச்சுக்காரன் கல்லறைக்கு அனுப்பி வெச்சன்னா, 1600கள்ல செத்தவன் எவனும் எழுந்து வந்து மொய் எழுத மாட்டான். லைட்ஹவுஸ்குப்பத்துக்குப் பாலந்தாண்டிப் போவணும், குண்டூசி இந்தப் பக்கமே நின்னுட்டா சம்பந்தி வீட்டுக்காரங்க ஏரியப் பாத்துக்கினு நிப்பாங்க. அட்ரஸச் சுருக்கித் தர்றானேன்னும் பல்ல இளிக்காத. கூகுளே 2019ல புதுசா சுருக்கறத நிறுத்திட்டான், யாரும் தொடாமக் கெடந்த பழைய லிங்க்குங்களுக்கு 2025 ஆகஸ்ட்ட கெடு வெச்சான். காகிதத்துக்கு கியூஆர் போடறதும் நல்லதுதான். ஆனா ஓசியில கியூஆர் தர்ற சைட்டுல சிலது அவன் வீட்டு வழியாச் சுத்திக்கினுதான் போவும். கல்யாணத்துக்கு முந்தின நாளு காசு குடுன்னு கதவச் சாத்துவான்.

இந்தக் கல்யாணக் கூத்த உடு. உன்னாண்ட நான் வந்த வேலை வேற.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தப் பெருசாக்கப் போறோம், கருத்துச் சொல்லுங்கன்னு 2021 ஜனவரி 22க்குக் கூட்டம் வெச்சாங்க, தள்ளிப்போச்சி. 2023 செப்டம்பர் 5ன்னாங்க, அதுவும் தள்ளிப்போச்சி. மறுபடி ஒரு நாளு வரும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்கு முன்னால நமக்குக் கெடைக்கறது கொறஞ்சது 30 நாளு. அந்த மதிப்பீட்டு ரிப்போர்ட்டோட சுருக்கந்தான் தமிழ்லயும் வரணும்னு விதி. தடி தடியா வர்ற முழு ரிப்போர்ட்டு இங்கிலீசுல. 'விவரத்துக்குப் பின்னிணைப்பு பார்க்க'ன்னு போட்டிருப்பான், தொட்டா ஒண்ணும் நகராது, உன் மயிலு மாதிரியே. அப்புறம் கெடக்கற பக்கத்தயெல்லாம் ராத்திரி பூரா தள்ளிக்கினே போவணும். எதிர்ல ஸ்ரீஹரிகோட்டாவுல 2023 ஜூலை 14ல சந்திரயான் உட்டான், ஆகஸ்ட் 23ல நெலாவுல நின்னுச்சி. ராக்கெட்டு உடற நாளு நம்மள கடலுக்குப் போவாதன்னு நிறுத்தி வெச்சிட்டு உடறாங்க. நெலா வரைக்கும் போவத் தெரிஞ்ச நாட்டுல, மொதப் பக்கத்துலேர்ந்து பின்னிணைப்புக்குப் போவ வழியில்ல பாரு.

ஊர்க்காரங்க மனு எழுதறோம். ஏரி முகத்துவாரம், கரை அரிப்பு, எறால் வர்ற வழி, எல்லாம் எங்க வாயால. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும், ரிப்போர்ட்டுல அத்தப் பத்தி எங்க எழுதிக்கீதுன்னு ஒரு லிங்க் வேணும். ஃபைலுக்குன்னு மொட்டையாப் போடாத, பக்கத்துக்குப் போடு. வலையில கீற பி.டி.எஃப் அட்ரஸுக்கு வாலுல ஹேஷ் குறி, 'பேஜ்', சமக்குறி, பக்க எண்ணு இத்தச் சேத்தா பிரவுசரு நேரா அந்தப் பக்கத்துல எறக்கி உடும். அடியில அச்சாயிருக்கற நம்பர நம்பிடாத. அட்டை, பொருளடக்கம் எல்லாத்தையும் சேத்து எண்ணுனாத்தான் பி.டி.எஃப் கணக்கு வரும். கலெக்டர் ஆபீசுல காகிதமாத்தான் வாங்குவாங்க, அதனால பக்க எண்ண எழுத்துலயும் போட்டுடு. 'இங்கே தொடவும்'னு மட்டும் போட்ட, உன்னத்தான் தொடுவேன்.

ஒண்ணே ஒண்ணு. போன தடவ ஒருத்தருக்கு நீ செஞ்ச ஃபைல்ல லிங்க்கெல்லாம் உன் கம்ப்யூட்டரு டி டிரைவுக்குப் போச்சாமே. உன் கடையில தொறக்கும், ஊர்ல தொறக்காது. மனுவ மொதல்ல என் போனுக்கு அனுப்பு, நான் தொட்டுப் பாக்கறேன். பக்கத்துக்கு இவ்ளோன்னு ரேட்டு சொல்லாத, லிங்க்குக்கு இவ்ளோன்னு சொல்லு. தொறக்காத லிங்க்குக்கு நான் காசு புடிச்சிக்குவேன், மயிலுக்கும் சேத்து.