மூடியே அரசாளும் மகாப்பிரபுவே, வாழ்க!

வெளித்திரையின் பின்னே, கேபிள் காட்டின் நடுவே, துயில்வதுபோல் பாவனை காட்டிக் கொலுவிருக்கும் மூடிய மடிக்கணினிப் பெருமானே! தேவரீரின் பெருமையை எந்த நாவால் புகழ்வது?

முதற்கண் தேவரீரின் துறவு. திரை, கீபோர்டு, தொடுபலகை, கேமரா, கைரேகை உணரி என ஒவ்வோர் ஆபரணத்துக்கும் எங்களிடம் விலை பெற்றுக்கொண்டீர். பின்பு ஒரே மூடலில் அத்தனையையும் துறந்தீர். அவற்றையெல்லாம் கடையில் மறுபடி வாங்கிச் சேர்க்கும் புண்ணியத்தை எங்களுக்கே அருளினீர். மீட்டிங்கில் எங்கள் முகம் காணாமல் மேலாளர் பதறும்போதும், தேவரீரின் கேமரா கீபோர்டின் இருளை உற்று நோக்கி யோகம் பயில்கிறது. என்ன வைராக்கியம்!

மூடியில் பொதிந்த சிறு காந்தமே தேவரீரின் ஞானக்கண். மூடி இறங்கியதை அது உணர்த்தியதும் உறங்கிவிடுவது குலதர்மம். மேக்புக் வம்சத்தில் அவதரித்தவரெனில், சார்ஜர் என்னும் நைவேத்தியம் இடையறாது படைத்தால்தான் கண் மலர்வது வழக்கம். விண்டோஸ் குலத்தவரெனில், கண்ட்ரோல் பேனல் கோபுரம் நுழைந்து, பவர் ஆப்ஷன்ஸ் பிராகாரம் சுற்றி, மூடியை மூடினால் ‘ஒன்றும் செய்யாதே’ என்னும் வரத்தை நாங்கள் பெற்றுவர வேண்டும். அவ்வரத்தின் மகிமை சொல்லி மாளாது! மாலையில் அப்படியே பைக்குள் எழுந்தருளினாலும் அங்கும் கண் துஞ்சாமல் உழைத்து, வீடு சேர்வதற்குள் இட்லிப்பானையாய்ச் சூடேறி, இருந்த சார்ஜ் அனைத்தையும் காற்றுக்கே தானம் செய்து நிற்பீர்.

2024இல் வந்த எம்3 மேக்புக் ஏரின் கொடையோ கொடை! தன் மூடியை மூடிக்கொண்டால் மட்டுமே இரண்டு வெளித்திரைகளுக்கு அது ஒளி வழங்கும். கண்ணப்ப நாயனார் கண் தந்தது ஈசனுக்கு. இந்த வள்ளலோ கடையில் வாங்கிய மானிட்டருக்கன்றோ தந்தார்!

கீபோர்டின் இடுக்கிலும் கீலின் ஓரத்திலும் கசிந்துகொண்டிருந்த வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளேயே பேணும் தேவரீரின் சிக்கனம் உலகறியாதது. நாளெல்லாம் நூறு சதவீதச் சார்ஜில், அந்தச் சூட்டிலேயே கிடந்தால் லித்தியம் அயான் பேட்டரி விரைவில் முதுமை எய்தும் என்பர் சிறுமதியினர். இளமையிலேயே முதுமையின் பக்குவம் வாய்ப்பது எத்தனை பேருக்குக் கிட்டும்? அப்பேட்டரி உப்பி, தொடுபலகையை மேலே தள்ளி நிற்கும் திருக்கோலமல்லவா செல்வச் செழிப்பின் அடையாளம்!

வெளித்திரை திடீரென இருண்டால், தேவரீரை எழுப்பும் பொத்தானும் மூடிக்குள்ளேயே மறைந்திருக்கிறது. மேலே அடுக்கிய கோப்புகளையும் காப்பி டம்ளரையும் இறக்கி வைத்து, மூடியைத் திறந்து தரிசிக்கும் பேறு அப்போதுதான் எங்களுக்கு வாய்க்கிறது.

மூடியைச் சற்றே திறந்து ஓரமாய் நிறுத்தினால் இந்த இடர்களில் பெரும்பாலானவை தீருமாம். மேசையில் ஒரு சாண் இடம் மட்டும் போகுமாம். அந்த ஒரு சாணைக் காக்கத் திரையையும் கேமராவையும் காற்றையும் பேட்டரியின் ஆயுளையும் களப்பலியிட்ட மாவீரரே, நீடூழி வாழ்க. அடுத்த பேட்டரிக்கான பணத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டோம்!