கெளம்புராசா

ராத்திரி பத்தே முக்காலுக்குச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஒருவன் வந்து, "மச்சி, கெளம்பலாமா?" என்று கேட்டால், அவனிடம் மூன்று கேள்விகள் கேட்கக் கூடாது. எங்கே, எதில், யார் காசில். மூன்றுக்கும் அவனிடம் பதில் கிடையாது. பதில் வைத்திருக்கிறவர்கள் பகலிலேயே டிக்கெட் எடுத்து, அப்பா அம்மாவோடு, தண்ணி பாட்டில் சகிதம் போய்விட்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பேர் கெளம்புராசா. எந்த ஹாஸ்டலை எடுத்தாலும் மாடிக்கு ஒருவன் இருப்பான். ஆனால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பிறந்தவனாக இருந்தால் வீரியம் கொஞ்சம் கூடுதல். பூகோளம் அப்படி.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. செங்கல்பட்டு வழியாகச் சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மாயவரம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் பாண்டிச்சேரி. திண்டிவனத்தில் ரோட்டுக்கும் அதே கதைதான். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒன்று பாண்டிக்குப் பிரியும், ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு, இன்னொன்று மரக்காணத்துக்கு. தென்மாவட்டமே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்த இரண்டு ஊர் வழியாகத்தான் போய் வருகிறது. ஆனால் ஒருவரும் ஊரைப் பார்க்க இறங்குவதில்லை. நெடுஞ்சாலை மோட்டலில் பஸ் நிற்கும். ஸ்பீக்கரில் பாட்டு அலறும். ஆறிப்போன பரோட்டாவை அதட்டிக் கொடுப்பார்கள். பத்து நிமிஷத்தில் கண்டக்டர் விசில் அடித்தால் ஊர் காலி. பிறந்த நாளிலிருந்து உலகமே வேறெங்கோ போவதை வேடிக்கை பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் காலில் சக்கரம் முளைக்காமல் வேறென்ன முளைக்கும்?

இதில் வேடிக்கை, இவனுடைய அப்பா பெரும்பாலும் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருப்பார். முப்பது வருஷமாக 5.40 வண்டியை 5.40க்கே எடுக்கச் சொல்லித் தொண்டை வற்றியவர். அவர் வீட்டிலிருந்துதான் நேரம் காலம் தெரியாத இந்தப் பிள்ளை புறப்படுவான். புறப்பட்டவன் ஜெர்மனிக்கே போய்விட்டால் கேட்க வேண்டுமா?

கெளம்புராசாவை அவன் சொந்தக் களத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆகன் நகரத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் மேற்கு மூலையில் இருக்கிறது. பொறியியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் இறங்குகிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு குன்றில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றின் எல்லையும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. விழுப்புரத்தில் இருந்தவரை பாண்டி எல்லையைத் தாண்டுவதையே பெரிய சாகசமாக நினைத்தவன், இங்கே காலையில் நடக்கப் போனாலே மூன்று நாடு பார்த்துவிடலாம். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்து, கூடவே தோட்டத்தையும் காட்டிவிட்ட கதைதான்.

காசு விஷயத்தில் ஜெர்மனி கறார். விசா வேண்டுமென்றால் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். நம்ம பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அதிலிருந்து மாசம் 992 யூரோதான் கைக்கு வரும். கெளம்புராசாவுக்கு ஊர் சுற்றும் ஆசை வருவது மட்டும் மாசக் கடைசியில்தான். முதல் வாரத்தில் அவனுக்குப் படிப்பு இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ஜூனியர் ஒருவன் அறை மாற்றுவதற்காக வாடகைக்கு எடுத்த கார் வாசலில் நிற்கிறது. திங்கள் காலை திருப்பிக் கொடுத்தால் போதும். கட்டிலும் அரிசி மூட்டையும் இறங்கியாயிற்று. ஜூனியர் சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்திருக்கிறான். கெளம்புராசா காரைச் சுற்றி ஒரு தடவை நடக்கிறான், டயரைக் காலால் தட்டுகிறான்.

"வண்டி சும்மாதானே ப்ரோ நிக்குது?"

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொன்னவர்கள் யாரும் அன்று ராத்திரி தூங்கியதில்லை.

"பாரிஸ். நாலே நாலு மணி நேரம்தான். விழுப்புரத்துலேர்ந்து மதுர போற தூரம்னு வெச்சுக்கயேன்."

"நீங்களே ஓட்டுறீங்களா ப்ரோ?"

அங்கேதான் சட்டம் குறுக்கே வரும். ஜெர்மனியில் குடியேறி ஆறு மாசம் வரைதான் நம் ஊர் லைசென்ஸ் செல்லும். கெளம்புராசா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆகவே அவன் ஓட்ட முடியாது. ஓட்டுகிற தகுதி, போன மாசம் வந்திறங்கிய ஜூனியருக்குத்தான் இருக்கிறது. அவனோ சிறுசேரியில் நாலு வருஷம் வேலை பார்த்து, ஓ.எம்.ஆரில் இடது பக்கமாகவே கார் ஓட்டிப் பழகியவன். இங்கே வலது பக்கம். பாரிஸ் போய்ச் சேரும்வரை பின்சீட்டிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து பாடியது ஒரே கோரஸ்: "ரைட்ல போ! ரைட்ல போடா! டேய், ரைட்டு!"

கெளம்புராசா முன்சீட்டில். அவன் பொறுப்பு பாட்டு. பெல்ஜியம் நெடுஞ்சாலையில் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து, "நம்ம விக்கிரவாண்டி டோல்கேட் மாதிரி இல்ல?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான். அதன் பிறகு வழியைப் பார்த்தவன் மதுரைக்காரன், டோல் கட்டியவன் கோயம்புத்தூர்க்காரன். தூக்குவாளியில் புளியோதரை கொண்டுவந்து, நடுவழியில் ஓய்விடத்தில் நிறுத்தி, கார் பானெட் மேல் செய்தித்தாளை விரித்து ஆளுக்கு ஒரு உருண்டை வைத்தவன் தஞ்சாவூர்க்காரன். பெல்ஜியத்துக் குளிரில் கைவிரல் விறைத்தாலும் நல்லெண்ணெய் வாசம் மட்டும் விறைக்கவில்லை. அந்த வாசத்துக்குத்தான் கெளம்புராசா கண் விழித்தான். "சூப்பரா இருக்குடா" என்றான். மறுபடி படுத்துக்கொண்டான்.

விடியற்காலை மூன்றரைக்கு ஈபிள் கோபுரம். இருட்டில் நின்றது. நடுராத்திரி வாக்கில் விளக்கை அணைத்துவிடுவார்கள். 2022இல் ஐரோப்பா முழுக்க எரிபொருள் நெருக்கடி வந்தபோது இரவு 11.45க்கே அணைக்க ஆரம்பித்தார்கள். இதெல்லாம் யாராவது முன்னாடியே தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "முன்னாடியே பாத்துட்டுப் போனா அதுல என்னடா த்ரில்லு?" என்றான் கெளம்புராசா. போட்டோவில் ஐந்து பேரும் பிளாஷ் வெளிச்சத்தில் முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் கோபுரம் இருப்பதாக நம்ப வேண்டும்.

காலையில் பசி. கார் தானாகவே லா ஷப்பேல் பக்கம் போயிற்று. ஈழத் தமிழர்கள் கடை போட்டிருக்கும் பாரிஸ் தெரு. தமிழில் பெயர்ப்பலகை, வாழை இலை, முருங்கைக்காய், புடவைக்கடை, பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். இட்லி, மசால் தோசை, பிளேன்டீ என்று ஒரு பிடி பிடித்தார்கள். நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்து அவர்கள் பாரிஸில் நிதானமாக உட்கார்ந்து ரசித்த ஒரே விஷயம் சாம்பார்.

திரும்பும்போது ஜெர்மனி எல்லையில் கை காட்டி நிறுத்தினார்கள். 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடக்கிறது. கோயம்புத்தூர்க்காரன் குடியிருப்பு அட்டையை வேறு பேன்ட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் முகம் வெளிறியதைப் பார்த்துக் கெளம்புராசா தைரியம் சொன்னான்: "பயப்படாத மச்சி, நாங்க வேணா போய் எடுத்துட்டு வரோம்." நல்லவேளை, போனில் இருந்த படத்தையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிட்டுப் பார்த்து, அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திங்கள் காலை வாடகைக் கணக்கு வந்தது. நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான், அதற்கு மேல் போனால் கூடுதல் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. ஐந்து பேருக்குமாகப் பிரித்து மதுரைக்காரன் குரூப்பில் போட்டான். கெளம்புராசா அதற்குப் போட்ட பதில் சரித்திரத்தில் பொறிக்க வேண்டியது: "மச்சி, நீங்க டீசல் போட்டீங்க, நான் ஐடியா போட்டேன். கணக்கு நேர்."

இப்படிப்பட்டவன் கிறிஸ்துமஸ் லீவுக்கு விழுப்புரம் வருகிறான். வந்த மறுநாளே கூட்டாளிகளைக் கூட்டி அறிவித்தான்: "செஞ்சி! நாளைக்கு செஞ்சி! யுனெஸ்கோவே குடுத்துட்டான்டா!"

செய்தி உண்மைதான். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையை வளைத்துக் கட்டியது. சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயப் படையைப் பல வருஷம் தாக்குப்பிடித்து உள்ளேயே இருந்தான். 1714இல் தேசிங்கு ராஜா செத்தது இந்த மண்ணில்தான். வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். ஈபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்ட கெளம்புராசா இதுவரை இதில் ஒரு படிகூட ஏறியதில்லை. சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னலில் மலை தெரிகிறது, அதுவே போதும் என்று இருந்துவிட்டான்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஒரு மணிக்குக் கிளம்பினார்கள். அம்மா மீன் குழம்பு வைத்துவிட்டாள், அதை மதிக்காமல் போக முடியுமா? கார் சித்தப்பாவுடையது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு நேர் ரோடு இருக்கிறது. போகிற வழியில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் எழுதிவைத்துவிட்டுப் போன குடைவரை. ஆனால் திண்டிவனத்தில் ஒருத்தனை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தார்கள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் கார் நின்றது. பாஸ்டேக்கில் பணம் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு. பின்னால் வரிசை கட்டி நின்ற வண்டிகள் ஹாரனாலேயே திட்டின. "ஜெர்மனில காருக்கு டோலே கெடையாது தெரியுமா?" என்றான் கெளம்புராசா. டோல்கேட் பையன் அவனை ஏற இறங்கப் பார்த்து, "அப்ப அங்கியே இருந்திருக்கலாம் இல்லண்ணா" என்றான். பின்சீட்டுக்காரன் போனை நீட்டினான். அவனுக்குப் போன வாரம்தான் வேலை போயிருந்தது.

திண்டிவனத்தில் வண்டியை ஓரம்கட்டி வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினார்கள். இங்கே மல்லாட்டை உள்ளிட்ட எண்ணெய் வித்துகளுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று ஆரம்பிக்கும் ரகங்களெல்லாம் இந்த ஊர்ப் பேரைத் தாங்கி வயலுக்குப் போனவை. உரித்துத் தின்றுகொண்டே மணி பார்த்தால் மூன்றே கால்.

ஏற வேண்டியவன் வந்து ஏறினான். "இப்பப் போயி எப்படா மல ஏறுவ? சாயந்தரம் கோட்டைய பூட்டிடுவான்" என்றான்.

கெளம்புராசா அரை நொடிகூட யோசிக்கவில்லை. இடது பக்கம் போனால் செஞ்சி, முப்பது கிலோமீட்டருக்குள்தான். வலது பக்கம் பாண்டி. ஸ்டியரிங்கில் இருந்தவன் தோளைத் தட்டினான்: "ரைட்ல போ மச்சி."

மயிலத்தில் முருகன் குன்றின் மேலிருந்து பார்த்தார். "ஒரு நாள் ஏறணும்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருவக்கரை பக்கம் இரண்டு கோடி வருஷத்துக்கு முன் விழுந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவ்வளவு காலம் காத்திருந்தவை இன்னொரு லீவுவரை காத்திருக்காதா என்று விட்டுவிட்டார்கள். ஆரோவில்லில் இறங்கி வெள்ளைக்காரர்களை வேடிக்கை பார்த்தார்கள். 1968இல் 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து கொட்டி ஆரம்பித்த ஊர், ஆனால் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஆக அதுவரை மாவட்டத்தைக்கூட அவர்கள் தாண்டவில்லை. அப்புறம் பாண்டி. பாரிஸில் இருட்டில் போட்டோ எடுத்தவன், பிரெஞ்சுக்காரர் தெருவில் மஞ்சள் சுவரில் சாய்ந்து, தெளிவான போட்டோ எடுத்துக்கொண்டான். ஊருக்குத் திரும்பியதும் அதைத்தான் பாரிஸ் என்று போட்டான்.

வீட்டுக்கு வரும்போது ராத்திரி பதினொன்றரை. அம்மா தூங்காமல் தோசை மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடா போயிருந்த?"

"செஞ்சிக்கும்மா."

"செஞ்சிக்குப் போனவன் பேன்ட்டுல ஏதுடா கடல் மண்ணு?"

அப்பா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பழக்க தோஷம், வண்டி வந்து சேர்ந்த நேரத்தை மனதில் குறித்துக்கொண்டார்.

கெளம்புராசாவின் பயணம் திடீர்ப் பயணம் என்பது அவனுக்கு மட்டும்தான். கூட வருகிறவர்களுக்கு அது வேலை. ஒருத்தன் லைசென்ஸ், ஒருத்தன் டோல், ஒருத்தன் புளியோதரை, வீட்டில் ஒருத்தி தோசை. இத்தனை பேர் நுகத்தடியைத் தோளில் வாங்கிக்கொண்டால்தான் ஒருத்தன் காற்றாடப் போக முடிகிறது. இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். விவரமாகத் திட்டம் போடுகிற அந்த நாலு பேரும் தாங்களாகச் சேர்ந்து இதுவரை தெருமுனையைத் தாண்டியதில்லை. இருட்டில் நின்ற ஈபிள் கோபுரத்தை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். சரியாக ஓட்டிய காரைப் பற்றியோ ஒழுங்காகக் கட்டிய டோலைப் பற்றியோ யாரும் சொல்லப்போவதில்லை.

ஆகவே உங்கள் கூட்டத்திலும் ஒரு கெளம்புராசா இருந்தால் துரத்திவிடாதீர்கள். கூப்பிட்டால் போங்கள். செஞ்சிக்கு என்றால் மட்டும் அவனைக் காலையிலேயே எழுப்பி இழுத்துக்கொண்டு போங்கள், ராஜகிரி எண்ணூறு அடி உயரம், வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். திண்டிவனத்தில் அவன் வாயைத் திறப்பதற்குள் இடது பக்கம் திருப்பிவிடுங்கள்.