நடப்பவரும் நிற்பவரும்

கேள்வி: ஒரு தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணினால், அங்கே எவ்வளவு கலகலப்பு என்று தெரிந்துவிடுமா?

பதில்: கூட்டம் தெரியும், கலகலப்பு தெரியாது. மெல்போர்னில் 2009 முதல் சென்சார்கள் போவோர் வருவோரை எண்ணுகின்றன. ரயிலைப் பிடிக்க ஓடுபவரும் அந்தக் கணக்கில் ஒன்று, கைகோத்து உலாத்துபவரும் ஒன்று. நடப்பவர் கணக்கு மட்டும் போதாது என்றுதான் கோபன்ஹேகனில் கட்டிடக் கலைஞர் யான் கெல் நின்றவர், உட்கார்ந்தவர் கணக்கையும் எடுத்தார். நியூயார்க்கில் நகர ஆய்வாளர் வில்லியம் வைட் கேமராவை மாட்டிவைத்துப் பார்த்தால் வேடிக்கை: அரட்டைக்காரர்கள் ஓரமாக ஒதுங்கவே இல்லை. ஆள் நெரியும் இடத்தில், நட்டநடு நடைபாதையில் நின்றார்கள். ‘சரி, வரட்டுமா?’ என்றார்கள், மறுபடி பேசினார்கள். (எந்த ஊராக இருந்தால் என்ன!) மெல்போர்னில் போல அங்கே சென்சார் இருந்திருந்தால், அதன் கோட்டைத் தாண்டும்வரை கணக்கில் அவர்கள் ஆளே இல்லை.