திஸ் இஸ் எ பென்

ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லையாம். யார் குற்றம் என்று கேட்டால் பெரியவர்கள் எல்லோரும் கடைசி வரிசையைக் கை காட்டுகிறார்கள். தூங்குகிறானாம். இளிக்கிறானாம். ரப்பரைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி முன்னால் இருப்பவன் பிடரியில் எறிகிறானாம். பதினான்கு வயதுப் பையன் வேறென்ன செய்வான்? அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நீங்களும் கிள்ளுவீர்கள்.

நாற்பது பேர் வரை அடைத்த வகுப்பு. முன்னால் இரண்டு ஆசிரியர்கள். ஜப்பானியர் ஆங்கில இலக்கணத்தை ஜப்பானிய மொழியில் விளக்குகிறார். வெளிநாட்டுக்காரர் ஓரமாக நிற்கிறார். துணை மொழி ஆசிரியர் என்று பதவி. கண்ணைக் காட்டியதும் 'ரிப்பீட் ஆஃப்டர் மீ' என்று ஒரு வரி வாசிக்கிறார். திரும்ப ஓரத்துக்குப் போய்விடுகிறார். பாடநூலோடு வரும் ஒலிப்பதிவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு விசா வேண்டாம்.

மூலையிலிருந்து ஒரு குரல்: "திஸ் இஸ் எ பென்!" வகுப்பே சிரிக்கிறது. அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாடநூலைக் கிண்டலடிக்கும் வாக்கியம் அது. கையில் இருப்பது பேனாதான் என்று ஒருவன் இன்னொருவனுக்கு அறிவிக்க வேண்டிய நிலைமை வாழ்க்கையில் எப்போது வரும்? பையனுக்குப் புரிந்துவிட்டது. கல்வி அமைச்சகத்துக்குப் புரியவில்லை.

வெளிநாட்டு இளைஞர்களைக் கூட்டிவரும் ஜெட் திட்டத்தை 1987இல் அரசு தொடங்கியது. பிறகு சிக்கனம் வந்தது. உள்ளூர்க் கல்வி வாரியங்கள் பலவும் தனியார் ஆள்பிடி கம்பெனிகளுக்கு இந்த வேலையைக் குத்தகை விட்டன. கம்பெனிக்குக் கமிஷன். ஆசிரியருக்குப் பல இடங்களில் விடுமுறை மாதச் சம்பளத்தில் வெட்டு.

உச்சக்கட்ட நகைச்சுவை ஒப்பந்தத்தில் இருக்கிறது. குத்தகையில் வந்த ஆளுக்குப் பள்ளி ஆசிரியர் நேரடியாக உத்தரவு போடக் கூடாது. போட்டால் அது போலிக் குத்தகை, தொழிலாளர் சட்டத்துக்கு விரோதம். சொல்வதைக் கம்பெனி வழியாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் 'இந்தப் பத்தியை இன்னொரு முறை வாசியுங்கள்' என்பதே வில்லங்கம். உரையாடல் சொல்லித்தரும் வகுப்பில் உரையாடலுக்குத் தடை! பையன்கள் பேசினால் மட்டும் ஒழுங்கீனம்.

ஜப்பானிய ஆசிரியரைத் திட்டவும் மனம் வரவில்லை. பாடம் முடிந்தால் மாணவர் கிளப், கிளப் முடிந்தால் படிவம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓவர்டைமுக்குப் பதில் அடிப்படைச் சம்பளத்தில் 4 சதவீதத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தது. 2025 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அதே 4 சதவீதம்தான் இருந்தது. அவர் புதுமையாகப் பாடம் நடத்தவில்லையே என்று மேலிடத்துக்கு வருத்தமாம்.

மேலிடம் சும்மா இல்லை. திட்டம் போடுகிறது. 2003இல் ஆங்கிலம் கையாளத் தெரிந்த ஜப்பானியரை உருவாக்கச் செயல்திட்டம். 2011இல் ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம். 2020இல் அதுவே மதிப்பெண் போடும் பாடம். இஎஃப் என்ற நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் 116 நாடுகளில் ஜப்பானுக்கு 92ஆவது இடம். ஆங்கில வகுப்பு விற்கும் கம்பெனி போட்ட பட்டியல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 92!

பல்கலைக்கழக நுழைவுக்குத் தனியார் ஆங்கிலத் தேர்வுகளைக் கொண்டுவரவும் பார்த்தார்கள். காசுள்ள வீட்டுப் பிள்ளை முன்கூட்டியே பலமுறை எழுதிப் பழகலாமே, கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்? 2019இல் தொலைக்காட்சியில் கல்வி அமைச்சர் ஹகியுடா கோயிச்சி பதில் சொன்னார்: அவரவர் விரலுக்குத் தக்க வீக்கத்தோடு போட்டியிடட்டும் என்ற தோரணையில். நாடு கொதித்தது. சில நாட்களில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2021இல் கைகழுவப்பட்டது.

பாடம் கற்றார்களா? 2022இல் டோக்கியோவில் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கைக்குப் பேச்சுத் தேர்வு வந்தது. காதில் ஹெட்போன், கையில் டேப்லட். பக்கத்துப் பிள்ளையின் பதில் காதில் விழுந்தது என்று புகார் வந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் தேர்வுக்கு வராத பிள்ளைகளுக்கு? எழுத்துத் தேர்வில் அதே அளவு மதிப்பெண் வாங்கிய மற்றவர்கள் பேச்சில் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்த்து, அதை வைத்து மதிப்பெண் போட விதி. வாயே திறக்காமல் பேச்சுக்கு மார்க். இத்தனை கோடி யென்னும் இத்தனை வருஷமும் கொட்டி, கடைசியில் அரசாங்கமே ஒப்புக்கொண்டது: பிள்ளை பேச வேண்டிய அவசியமே இல்லை.