ரேஷனுக்குக் குடும்பம், சொத்துக்கு அந்நியர்

கே: ஹைதராபாத்தில் ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொண்டார்களே, அது செல்லுமா?
– வாசகர், மல்காஜ்கிரி

ப: விருந்து செல்லும், பதிவு செல்லாது. சுப்ரியோ சக்ரவர்த்தியும் அபய் டாங்கும் 2021 டிசம்பரில் சொந்தபந்தம் சூழ மாலை மாற்றிக்கொண்டார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமையே அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். அந்த வரி உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சார்!

கே: பிள்ளை பெறத்தானே கல்யாணம்? இது இயற்கைக்கு விரோதமில்லையா?
– வாசகர், பத்மாராவ் நகர்

ப: அறுபது வயதில் மறுமணம் செய்கிறவரிடம் ரிஜிஸ்ட்ரார் அப்படி எதுவும் கேட்பதில்லையே. பிள்ளை பிறக்காவிட்டாலும் பரவாயில்லை, பிறக்கக்கூடிய வகைச் சேர்க்கையாக இருந்தால் போதும் என்று இதற்குப் பதில் வைத்திருக்கிறார் சட்டத் தத்துவ அறிஞர் ஜான் ஃபின்னிஸ். விடை வராவிட்டாலும் வழிமுறைக்கு மார்க் போடும் கணக்கு வாத்தியார்! இயற்கையில் ஒன்று இருக்கிறது என்பதாலேயே அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தாவக்கூடாது என 18-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார் தத்துவஞானி டேவிட் ஹ்யூம்.

கே: பெரிய தத்துவ மேதைகள் என்ன சொன்னார்கள்?
– மாணவி, உஸ்மானியா

ப: காண்ட், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்றார். அவர் கடைசிவரை பிரம்மச்சாரி. ஒருபால் உறவைத் தண்டிப்பதே தவறு என்று 1785 வாக்கில் எழுதினார் பெந்தாம். அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1978-இல்தான் வெளிவந்தது.

கே: சேர்ந்து வாழ யார் தடுத்தார்கள்? கல்யாணம் எதற்கு?
– வாசகி, மாரேட்பள்ளி

ப: ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் பல்லை 2018-இல் பிடுங்கிய பிறகு யாரும் தடுக்கவில்லைதான். கல்யாணம் இல்லாததால் இவர்களுக்குப் பாதிப்பு உண்டு என்பதை 2023-இன் பெரும்பான்மைத் தீர்ப்பும் மறுக்கவில்லை. தீர்க்க வேண்டியது நாங்களல்ல என்று கைகாட்டியது. (தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஹிமா கோஹ்லியும் அந்தப் பக்கம்தான்.) பிறகு 2024-இல் மத்திய அரசு, ரேஷன் கார்டில் இருவரையும் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்குக்கும் தடையில்லை என்றது. ஒருவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால் மட்டும் மற்றவர் மூன்றாம் மனிதர். இந்த உறவு ஒழுக்கக்கேடு என்றால் ரேஷனும் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தாயிற்று. அப்புறம் சொத்தை மறுக்க என்ன காரணம் மிச்சமிருக்கிறது? ஆனால் 2025 ஜனவரியில் அந்தத் தீர்ப்பின் மீதான சீராய்வு மனுக்களும் தள்ளுபடி.

கே: சமூகம் ஏற்கும்வரை காத்திருக்கலாமே?
– வாசகர், செகந்திராபாத்

ப: சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் காத்திருந்தார்களா? புரோகிதரும் சடங்கும் இல்லாத அந்தக் கல்யாணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. அண்ணா ஆட்சி 1967-இல் சட்டம் கொண்டுவந்து, அதுவரை நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அதற்குள் பல ஜோடிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தார்கள்.

கே: அந்த ஹைதராபாத் கல்யாணத்துக்கு அழைத்திருந்தால் போயிருப்பீரா?
– வாசகர், அமீர்பேட்டை

ப: ஓடியிருப்பேன். மொய்க்கவரில் 101-ஆ, 501-ஆ என்பது மட்டும்தான் எனக்கு அறச்சிக்கல்.